நன்றி சொல்ல ஆள் தேடி வருகிறவர்கள்

ரத்த வங்கிக்குச் சும்மா வருகிறவர்கள் குறைவு. கொடுக்க வருவார்கள், இல்லாவிட்டால் கேட்க வருவார்கள். இரண்டிலும் சேராத சிலர் உண்டு. சிகிச்சை முடிந்து, உதிர்ந்த முடி மறுபடி முளைத்து, கையில் தடிமனான ஃபைலோடு வந்து நிற்பார்கள். "எனக்கு ரத்தம் கொடுத்தவங்க யாருன்னு தெரிஞ்சுக்க முடியுமா டாக்டர்? ஒரு வார்த்தை நன்றி சொல்லணும்" என்பார்கள். ரத்த மாற்று மருத்துவராக இத்தனை வருடம் வேலை பார்த்தும் இந்தக் கேள்விக்கு நான் தலையாட்டியதில்லை. ஆட்டவும் முடியாது. கொடுத்தவர் பெயரை வாங்கியவரிடமோ, வாங்கியவர் பெயரைக் கொடுத்தவரிடமோ சொல்லக் கூடாது என்பது பெரும்பாலான ரத்த வங்கிகள் கடைப்பிடிக்கும் விதி.

கேட்கும்போது இரக்கமில்லாத விதியாகத்தான் தெரியும். ஆனால் நோயாளி பிழைக்கவில்லை என்ற செய்தி கொடையாளரிடம் போய்ச் சேர்ந்தால், 'என் ரத்தத்திலதான் ஏதாவது கோளாறோ' என்று அவர் காலத்துக்கும் மருகுவார். பிழைத்தவர் குடும்பமோ அடுத்த தேவைக்கும் அதே ஆள் வீட்டு வாசலில் போய் நிற்கும். நாளைக்கு அந்தக் கொடையாளர் ஒரு பணக்கஷ்டத்தில் வந்து கை நீட்டினால் இவர்களால் மறுக்கவும் முடியாது. பெயர் தெரியாமல் இருப்பதுதான் இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி.

அப்படி வந்தவர்களில் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருக்கு வந்தது அக்யூட் மைலாய்டு லுகேமியா, வேகமாக முற்றும் ரத்தப் புற்று. மற்றவர்கள் ஃபைல் கொண்டு வருவார்கள். இவர் ஒரு நீள நோட்டுக் கொண்டு வந்திருந்தார். எழுதியது அவருடைய கணவர். ஏற்றிய ஒவ்வொரு பைக்கும் ஒரு வரி. தேதி, லேபிளில் இருந்த பை எண், குரூப், எத்தனை மணிக்கு ஆரம்பித்தார்கள், எப்போது முடிந்தது. சில வரிகளுக்குப் பக்கத்தில் 'குளிர் வந்தது, அரை மணி நிறுத்தினார்கள்' என்று சின்ன எழுத்தில் குறிப்பு. நடுநடுவே பேனா மை மாறியிருந்தது. ஒரு பக்கத்தில் கையெழுத்தே மாறியிருந்தது, அன்றைக்கு மகன் உட்கார்ந்திருந்தானாம்.

"இதுல மொத்தம் எத்தனை பேர் இருப்பாங்க டாக்டர்?" என்று கேட்டார்.

இருவரும் சேர்ந்து எண்ணினோம். சிவப்பணுப் பை ஒன்றுக்கு ஓர் ஆள். பிளேட்லெட் என்பது ரத்தத்தை உறையவைத்துக் கசிவை நிறுத்தும் அணு. இயந்திரம் மூலம் எடுத்த பிளேட்லெட், அதாவது நாங்கள் எஸ்டிபி என்று சொல்வது, அதுவும் பைக்கு ஓர் ஆள். ஆனால் சாதாரண ரத்த தானத்திலிருந்து பிரித்தெடுத்த பிளேட்லெட் என்றால் கதை வேறு. பெரியவர் ஒருவருக்கு ஒரு வேளைக்கு அப்படி நான்கிலிருந்து ஆறு பைகள் தேவைப்படும். ஒவ்வொரு பையும் ஒவ்வொருவர் கொடுத்தது. எண்ணி முடித்தபோது நூறு பேருக்குப் பக்கத்தில் வந்தது. அவர் இருபது, முப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தார். "இத்தனை பேரா?" என்று நோட்டை மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கும் இது புதுச் செய்திதான். ரத்தம் என்றாலே விபத்து, அறுவை சிகிச்சை, பிரசவம் என்றுதான் நமக்கு மனதில் படம் ஓடும். புற்றுநோய்க்கு மருந்துதானே, ரத்தம் எதற்கு என்று படித்தவர்களே கேட்கிறார்கள்.

காரணம் இதுதான். கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைக் குறிவைப்பவை. புற்றுச் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உருவாக்கும் செல்களும் அதே வேகத்தில் பெருகுகின்றன. மருந்துக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மஜ்ஜை சில வாரங்களுக்கு உற்பத்தியைக் குறைத்துவிடும், சிலருக்கு நிறுத்தியே விடும். சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் அது மெதுவாகத்தான் இறங்கும். பிளேட்லெட்டுக்கு ஆயுள் ஒரு வாரம், பத்து நாள்தான். புதுசு வராவிட்டால் சடசடவென்று சரிந்துவிடும். பல கீமோ முறைகளில் மருந்து கொடுத்த ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை கவுண்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, அடிமட்டத்தில் இருக்கும். லுகேமியாவில் மஜ்ஜையையே நோய் பிடித்திருப்பதால் அந்தத் தாழ்வு இன்னும் ஆழம், இன்னும் நீளம்.

நல்ல உடம்பில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நான்கு லட்சம் வரை பிளேட்லெட் இருக்கும். அது பத்தாயிரத்துக்குக் கீழே போனால், ரத்தக் கசிவு எதுவும் தெரியாவிட்டாலும் முன்னெச்சரிக்கையாக ஏற்றுவது வழக்கம். காய்ச்சலோ கசிவோ இருந்தால் அதற்கு முன்பே ஏற்றுவோம். ஏற்றிய பிளேட்லெட்டும் நிலைத்து நிற்காது. கவுண்ட் அடியில் கிடக்கும் நாட்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, சில நேரம் தினமும் தேவைப்படும். அந்த நோட்டில் தேதிகள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

ஒரு காலத்தில் லுகேமியா வந்த குழந்தைகள் மூளையிலும் குடலிலும் ரத்தம் கசிந்து இறந்தார்கள். புற்றைக் குறைக்கும் மருந்து 1948லேயே வந்துவிட்டது. சிட்னி ஃபார்பர் அமினோப்டெரின் கொடுத்து, லுகேமியா குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகத் தணிவதைக் காட்டினார். ஆனால் கசிவைத் தடுக்க வழியில்லாமல், மருந்து வேலை செய்யும்வரை குழந்தையை உயிரோடு வைத்திருப்பதே பெரும்பாடாக இருந்தது. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் ஃப்ரைரைக் என்ற மருத்துவர் இந்தக் கசிவைத்தான் பிடித்துக்கொண்டார். பிளேட்லெட் எண்ணிக்கை எவ்வளவுக்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குக் கசிவு கூடுகிறது என்பதை அவரும் கூட்டாளிகளும் 1962ல் கணக்கோடு வெளியிட்டார்கள்.

சரி, பிளேட்லெட் தேவை என்று தெரிந்துவிட்டது. அவ்வளவுக்கு எங்கே போவது? இங்கேதான் ஜார்ஜ் ஜட்சன் வருகிறார். ஐபிஎம் நிறுவனத்தில் பொறியாளர். அவருடைய மகனுக்கு லுகேமியா. மகனின் சிகிச்சைக்காக வந்த இடத்தில் ரத்த அணுக்களைப் பிரிக்கும் வேலையைப் பார்த்தவர், இதை இயந்திரத்தால் செய்யலாமே என்று ஃப்ரைரைக்கோடு சேர்ந்துகொண்டார். ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, சுழற்றிப் பிரித்து, வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அந்த ஆளுக்கே திருப்பி ஏற்றும் கருவி 1960களின் நடுவில் அப்படித்தான் உருவானது. இன்றைக்கு எங்கள் அறையில் ஓடும் கருவிகளெல்லாம் அதன் பேரப் பிள்ளைகள். மகனுக்காக அலைந்த ஒரு தகப்பன் செய்து கொடுத்தது என்று புதிதாக வரும் கொடையாளர்களிடம் சொல்வேன். முக்கால்வாசிப் பேர் அதற்கப்புறம் ஊசியை மறந்து கருவியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பிளேட்லெட்டை வைத்துக்கொள்வது எப்படி என்பதில்தான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கிறது. சிவப்பணுவை 2 முதல் 6 டிகிரிக் குளிரில், சேர்க்கும் திரவத்தைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் வரை வைக்கலாம். பிளாஸ்மாவை உறையவைத்து ஒரு வருடம் வரை வைக்கலாம். பிளேட்லெட்டைச் சாதாரணக் குளிர்பெட்டியில் வைத்தால் அது உடம்புக்குள் போனதும் சீக்கிரமே காணாமல் போய்விடும். அதனால் 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே இருக்கும் தட்டில் வைக்கிறோம். அந்த வெப்பத்தில் கிருமி வளரும் அபாயம் உண்டு என்பதால் பெரும்பாலான இடங்களில் ஆயுள் ஐந்தே நாள். நோய்த்தொற்றுப் பரிசோதனைகள் முடியவே அதில் ஒரு நாளுக்கு மேல் போய்விடும். மிஞ்சுவது மூன்று, மூன்றரை நாள். திங்கட்கிழமை முகாம் நடத்தி அலமாரியை நிரப்பினாலும் சனிக்கிழமை வரும் நோயாளிக்கு அதில் ஒன்றும் இருக்காது.

ஆகவே கூட்டமாக வந்து கொடுப்பதைவிட, வரிசை வைத்து வந்து கொடுப்பதுதான் புற்றுநோயாளிக்கு உதவுகிறது. 'அவசரம், உடனே தேவை' என்று ஒரு செய்தி பரவினால் எழுபது பேர் ஒரே நாளில் வந்து நிற்பார்கள். மனசு நிறைந்துதான் போகும். எல்லோரும் அன்றைக்கே முழு ரத்தம் கொடுத்துவிட்டால் அடுத்த சில மாதங்களுக்கு அவர்களில் ஒருவரும் கொடுக்க முடியாது. நோயாளிக்கோ பத்து நாள் கழித்துத்தான் உண்மையான தாழ்வு வரும். அப்போது குடும்பம் மறுபடி முதலிலிருந்து ஆள் தேடும். வருகிறவர்களைத் திருப்பி அனுப்பினால் கோபித்துக்கொள்கிறார்கள், அதுவும் நியாயம்தான். லீவு போட்டு வந்திருப்பார்கள்.

ரத்த வங்கி என்ற அமைப்பே வருவதற்கு முன்னால் இந்த வரிசைக் கணக்கைப் புரிந்துகொண்ட ஒருவர் இருந்தார். லண்டனில் செஞ்சிலுவைச் சங்கத்தில் பணியாற்றிய பெர்சி லேன் ஆலிவர். 1921ல் ஒரு மருத்துவமனையிலிருந்து ரத்தம் கேட்டு அழைப்பு வந்தது. அவரும் உடன் இருந்தவர்களும் போனார்கள். அதற்குப் பிறகு, கூப்பிட்டால் வருகிற தன்னார்வலர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, குரூப் முதலிய விவரங்களை அட்டைகளில் எழுதி வைத்து, தன் வீட்டிலிருந்தே நடத்தினார். மருத்துவமனை கூப்பிட்டால் அட்டையைப் பார்த்துப் பொருத்தமானவரை அனுப்புவார். காசு கிடையாது. சேமித்து வைக்கும் வசதி இல்லாத காலம் என்பதால் ஆளே நேரில் போக வேண்டும். பிளேட்லெட் விஷயத்தில் நாம் இன்றும் ஏறக்குறைய அந்த நிலைமையில்தான் இருக்கிறோம். அட்டைக்குப் பதில் கைபேசி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு குடும்பத்தில் ஒருவருக்குக் கீமோ ஆரம்பிக்கப் போகிறது என்றால் அந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். நோயாளியின் கணவனோ மனைவியோ பெற்றோரோ இதைச் செய்யக் கூடாது. அவர்களுக்கு ஏற்கெனவே கை நிறைய வேலை. நண்பரோ சக ஊழியரோ பக்கத்து வீட்டுக்காரரோ பொறுப்பு எடுக்கட்டும். கொடுக்கத் தயாராக இருக்கிறவர்கள் பெயரை எழுதி, யார் எந்தக் கிழமை வர முடியும் என்று கேட்டு, அந்தப் பட்டியலை முதலில் ரத்த வங்கியில் கொடுத்துவிடுங்கள். நாங்கள் சிலரைக் கூப்பிட்டு நரம்பு தடிமனாக இருக்கிறதா, கவுண்ட் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து வைப்போம். கவுண்ட் சரியும் வாரத்தில் யாரை எப்போது கூப்பிடுவது என்று அப்போது எங்களுக்குத் தெரியும். இருபது பேர் இப்படித் தயாராக இருந்தால் ஒரு சுற்றைத் தாண்டிவிடலாம் என்பது என் அனுபவம். அந்த நோட்டுக்காரப் பெண்மணிக்கு இதைச் செய்தவர் அவருடைய பழைய வகுப்புத் தோழி ஒருவர். பல வருடம் பேச்சுவார்த்தைகூட இல்லாமல் இருந்தவராம்.

சமூக ஊடகத்தில் வேண்டுகோள் போடும்போது தேதியைப் போடுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது. எந்தத் தேதியில் தேவை, எந்தக் குரூப், சிவப்பணுவா பிளேட்லெட்டா, எந்த ரத்த வங்கி, எந்தத் தேதியோடு தேவை முடிகிறது. இத்தனையும் அதில் இருக்க வேண்டும். தேதி இல்லாத வேண்டுகோளுக்குச் சாவே கிடையாது. நோயாளி குணமாகி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும்போதும் அவருக்காக ரத்தம் கொடுக்க ஃபோன் வரும். நோயாளி இறந்து போயிருந்தால் அந்த ஃபோனை எடுக்கும் குடும்பத்தின் நிலையை நினைத்துப் பாருங்கள். தேவை தீர்ந்ததும் அதே இடத்தில் 'கிடைத்துவிட்டது, நன்றி' என்று போடுவதும் முக்கியம். உங்களுக்கு வந்த வேண்டுகோளை அனுப்புவதற்கு முன் ஒரு முறை அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இன்னொரு விஷயம், நல்ல மனதால் வரும் ஆபத்து. "என் தம்பி ரத்தம் இருக்கே டாக்டர், வெளி ஆள் எதுக்கு?" என்று கேட்பார்கள். சொந்த ரத்தம் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை வேரோடிப் போயிருக்கிறது. மருத்துவத்தில் நிலைமை நேர்மாறு. தானம் செய்த ரத்தத்தில் வெள்ளையணுக்களும் கொஞ்சம் வரும். அந்நியருடையது என்றால் நோயாளியின் உடம்பு அதை அடையாளம் கண்டு அழித்துவிடும். நெருங்கிய ரத்த உறவு என்றால் திசு அடையாளங்கள் பாதி ஒத்துப்போவதால், உடம்பு அதைத் தன்னுடையது என்று நினைத்து விட்டுவைக்கும் வாய்ப்பு இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளியில் ஆபத்து இன்னும் கூடும். தங்கிப் பெருகிய அந்த அணுக்கள் தோலையும் குடலையும் ஈரலையும் மஜ்ஜையையும் தாக்க ஆரம்பிக்கும். இது அபூர்வம்; ஆனால் வந்துவிட்டால் பிழைப்பவர்கள் மிகச் சிலர். பையைக் குறைந்தது 25 கிரே அளவு கதிர்வீச்சுக்கு உட்படுத்தினால் அந்த அணுக்களால் பெருக முடியாது. அதனால்தான் உறவினர் கொடுத்த பையைக் கதிர்வீச்சு இல்லாமல் நாங்கள் விடுவதில்லை. மஜ்ஜை மாற்று செய்யும் யோசனை இருந்தால் குடும்பத்தார் ரத்தமே வேண்டாம் என்போம். முன்கூட்டியே அவர்கள் ரத்தம் ஏறியிருந்தால் நோயாளியின் உடம்பு அதற்கு எதிராகப் பழகிவிடலாம், அப்புறம் அவர்கள் மஜ்ஜையையே ஏற்காமல் போகலாம். தம்பி ரத்தம் கொடுக்க ஆசைப்பட்டால் கொடுக்கட்டும். அது வேறு யாருக்காவது போகட்டும்.

காசுக்கு ஆள் பிடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆள் கிடைக்காத பதற்றத்தில் குடும்பங்கள் இதற்கு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். 'நண்பர்' என்று அழைத்து வருவார்கள். நோயாளியின் பெயர் என்ன என்று கேட்டால் நண்பருக்குத் தெரியாது. காசுக்காகக் கொடுப்பவர் தன் உடல்நிலையைப் பற்றிய கேள்விகளுக்கு உண்மை சொல்லமாட்டார், சொன்னால் காசு போய்விடும். எந்தப் பரிசோதனையிலும் தொற்று புதிதாக நுழைந்த சில நாட்கள் தெரியாமல் போகும் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் எங்களுக்கு இருக்கும் காவல் கொடையாளரின் உண்மை மட்டும்தான். ரத்த தானம் தன்னார்வமாக, காசு வாங்காமல் நடக்க வேண்டும் என்று உலக சுகாதாரப் பேரவை 1975லேயே தீர்மானம் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரத்தம் கொடுக்க முடியாதவர்கள் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. வெள்ளையணு தாழ்ந்திருக்கும் நாட்களில் நோயாளிக்கு 38 டிகிரி செல்சியஸுக்கு (100.4 ஃபாரன்ஹீட்) மேல் காய்ச்சல் வந்தால் அது அவசரநிலை. மாத்திரை போட்டுவிட்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்தக் காய்ச்சல் பெரும்பாலும் நடு ராத்திரியில்தான் வரும், ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். அப்போது ஒருவர் வண்டி எடுக்க வேண்டும், இன்னொருவர் தூங்கும் பிள்ளைகளோடு வீட்டில் இருக்க வேண்டும். 'எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க' என்று எல்லோரும் சொல்வார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட யாருக்கும் மனம் வராது. 'செவ்வாய், வியாழன் ராத்திரி என் பொறுப்பு, ஃபோனைத் தலைமாட்டிலேயே வைத்திருப்பேன்' என்று சொல்கிறவரைத்தான் கூப்பிடுவார்கள்.

பார்க்கப் போவதற்கும் நேரம் காலம் இருக்கிறது. உங்களுக்குச் சளி, இருமல், வயிற்றுப்போக்கு இருந்தால் போகாதீர்கள். ஃபோனில் பேசுங்கள். பிளேட்லெட் குறைந்தவருக்கு வலிக்கிறது என்றால் வீட்டில் இருக்கும் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வகையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், கசிவைக் கூட்டும். 'ரத்தம் ஊற இதைச் சாப்பிடு, அதைச் சாப்பிடு' என்ற அறிவுரையையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். மருந்தால் மஜ்ஜை ஓய்ந்திருக்கும்போது எந்தச் சாறும் பிளேட்லெட்டை ஏற்றிவிடாது. கவுண்ட் ஏறாதது நோயாளி ஒழுங்காகச் சாப்பிடாததால்தான் என்ற பழிதான் மிஞ்சும். அந்தப் பழியைச் சுமந்துகொண்டு அழுதவர்களை எனக்குத் தெரியும்.

அந்தப் பெண்மணி விஷயத்துக்கு வருகிறேன். நோட்டை மூடிவிட்டு இரண்டாவது கேள்வி கேட்டார். "அப்ப நான் திருப்பிக் கொடுக்கலாமா? இப்ப எனக்கு ஹீமோகுளோபின் நல்லா இருக்கு." பொதுவாக நன்றி சொல்ல வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது இது. லுகேமியா, லிம்போமா போன்ற ரத்தப் புற்றுகளிலிருந்து மீண்டவர்களிடம் பெரும்பாலான நாடுகளில் ரத்தம் எடுப்பதே இல்லை. மற்றப் புற்றுகளில் விதி நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் முழுக்கக் குணமாகிச் சில காலம் ஆனால் அனுமதிப்பார்கள், சில இடங்களில் எப்போதும் இல்லை. தோலில் வரும் சில வகைகள், கருப்பை வாயில் பரவும் முன்பே கண்டுபிடித்து நீக்கியவை போன்றவற்றுக்குப் பல இடங்களில் விலக்கு உண்டு. நீங்களே முடிவு செய்துகொள்ள வேண்டாம், ரத்த வங்கியில் கேளுங்கள். ரத்தத்தின் வழியாகப் புற்றுநோய் பரவும் என்பதற்காகப் போட்ட விதி என்று நினைத்து வருந்தவும் வேண்டாம். மீண்டு வந்த உடம்பைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்பதும், வாங்குபவர் விஷயத்தில் துளிச் சந்தேகத்துக்கும் இடம் வைக்கக் கூடாது என்பதும்தான் அதன் பின்னால் இருக்கும் எண்ணம்.

முடியாது என்றதும் அவர் முகம் சுருங்கியது. நூறு பேரிடம் வாங்கிக்கொண்டு ஒருவருக்குக்கூடக் கொடுக்க முடியாதா என்பது அவர் கேட்காமல் கேட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை என்று அவரிடமே சொன்னேன். கொடுத்தவர்கள் திரும்பி வரும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கவில்லை. அவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் பை யாருக்குப் போகிறது என்ற யோசனையே இருந்திருக்காது. கொடுத்துவிட்டுப் பிஸ்கட்டும் பானமும் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார்கள்.

ஆனாலும் அவருக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது, நான் சொல்லி அவர் செய்யவில்லை, அவராகவே பிடித்துக்கொண்டார். கீமோ வார்டில் புதிதாகச் சேரும் குடும்பங்களிடம் பேசுவது. எங்கள் சமூகப் பணியாளர் அனுமதி வாங்கி அறிமுகப்படுத்தி வைப்பார். இவர் உட்கார்ந்து, 'முதல் வாரம் ஒண்ணும் தெரியாது, இரண்டாவது வாரம்தான் கவுண்ட் இறங்கும், இப்பவே ஆள் சேர்த்து வச்சுக்குங்க' என்று சொல்லுவார். பிளேட்லெட் ஏறும்போது உடம்பு நடுங்கினால் பயப்படாமல் உடனே நர்ஸைக் கூப்பிடச் சொல்லுவார். நான் வெள்ளைக் கோட்டோடு நின்று சொல்லும் அதே வார்த்தைகள்தான். ஆனால் அவர் சொன்னால் கேட்கிறார்கள், நோட்டும் வாங்குகிறார்கள். தன் வகுப்புத் தோழி செய்த பட்டியல் வேலையை இப்போது தெரியாத குடும்பங்களுக்கு இவர் செய்து கொடுக்கிறார். உங்களுக்குச் சிகிச்சை முடிந்து சில மாதம் ஆகி, உடம்பும் மனசும் ஒத்துழைத்தால் இதைச் செய்து பார்க்கலாம். ஒத்துழைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். மருத்துவமனை வாசனையே குமட்டுகிறது என்று இந்தப் பக்கமே தலைவைக்காதவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் யாரும் எந்தக் கடனையும் கேட்கவில்லை.

மஜ்ஜை கொடையாளர் பதிவைப் பற்றியும் மீண்டவர்கள் பேசினால் நன்றாக எடுபடும். உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான் உண்டு. மற்றவர்கள் அந்நியர்களிடம்தான் தேட வேண்டும். இப்படித் தேடுவதற்கான முதல் பதிவேட்டை 1974ல் லண்டனில் தொடங்கியவர் ஷெர்லி நோலன், தன் மகன் ஆன்டனிக்குப் பொருத்தமான ஆள் கிடைக்காததால். மகன் 1979ல் இறந்துபோனான், பதிவேடு நிலைத்துவிட்டது. உலகம் முழுக்க இன்று இத்தகைய பதிவேடுகளில் நான்கு கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். திசுப் பொருத்தம் வம்சாவளியை ஒட்டி அமைவதால், தெற்காசியர்கள் பதிவு செய்தால்தான் தெற்காசிய நோயாளிக்கு ஆள் கிடைக்கும் வாய்ப்புக் கூடும். பதிவுக்குக் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் ஒரு தேய்ப்பு போதும். இளம் வயதுக்காரர்களை அதிகம் விரும்புவார்கள்.

கடைசியாக, பிளேட்லெட் கொடுக்க யோசிப்பவர்களுக்கு. ஒன்றரை மணி நேரம் வரை நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும், சில சமயம் அதற்கு மேலும் ஆகலாம். சிவப்பணு உங்களுக்கே திரும்பி வந்துவிடுவதால் முழு ரத்தம் கொடுத்தது போலப் பல மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. எத்தனை நாள் இடைவெளி, வருடத்துக்கு எத்தனை முறை என்பது உங்கள் நாட்டு விதியைப் பொறுத்தது. எடுத்த பிளேட்லெட் சில நாளில் உடம்பில் ஊறிவிடும். கொடுக்கும்போது உதடும் விரல் நுனியும் லேசாக மரத்து ஊசி குத்துவது போல இருக்கலாம். உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் உங்கள் ரத்தத்துக் கால்சியத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வதால் வருவது. சொன்னால் வேகத்தைக் குறைப்போம், கால்சியம் மாத்திரை கொடுப்போம். சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். ஆஸ்பிரின் போட்டிருந்தால் இரண்டு மூன்று நாள் கழித்து வாருங்கள். காலையில் சாப்பிட்டு, தண்ணீர் நன்றாகக் குடித்துவிட்டு வாருங்கள்.

அடுத்த முறை ரத்தம் கொடுக்கப் போகும்போது, 'பிளேட்லெட் பட்டியலில் என் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கேளுங்கள். நரம்பு பார்ப்பார்கள், கவுண்டுக்கு ஒரு சின்ன மாதிரி எடுப்பார்கள். எந்தெந்தக் கிழமை வர முடியும் என்பதையும், பகலில் எடுக்கக்கூடிய ஃபோன் எண்ணையும் கொடுங்கள். வார இறுதியும் விடுமுறை நாளும் வர முடியும் என்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள், எங்களுக்கு ஆள் இல்லாமல் திண்டாடும் நாட்கள் அவைதான். இரண்டு மாதம் ஆகியும் அழைப்பு வராவிட்டால் நீங்களே ஒரு ஃபோன் போட்டு ஞாபகப்படுத்துங்கள்.